இரண்டு கீழே, ஒரு என்டர்

கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டால் முதலில் ஃபேன் பேசும். பிறகு டிஸ்க்குகள் தொண்டையைச் செருமும். பிறகு இரண்டு சுரம், தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று. அது கேட்டால் திரையில் மெனு வந்துவிட்டது என்று பொருள். கீழ் அம்பை இரண்டு தடவை தட்டி என்டரை அழுத்தினால் பழைய சிஸ்டம் திறக்கும். ஒரு தடவை தட்டினால் அண்ணனுடையது. தட்டாமல் விட்டால் பாப்பாவுடையது.

பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. நாற்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். மெனுவுக்கு வாய் கிடையாது என்பதால் அந்த இரண்டு சுரத்தையும் அவளே எழுதி உள்ளே வைத்திருந்தாள்.

அன்று காலை சுரம் வந்தது. இரண்டு தட்டு, ஒரு என்டர். பழைய சிஸ்டம் திறக்கும்போது ஒரு அசட்டு இசை வாசிக்கும். வாசிக்கவில்லை. ஃபேன் மட்டும் மேலே மேலே போனது, மலை ஏறும் லாரி மாதிரி.

அணைத்தாள். மறுபடி போட்டாள். இரண்டு தட்டு, ஒரு என்டர். லாரி மறுபடி மலை ஏறியது.

அது அவர்களுடைய அச்சகத்தின் பின்னறை. முன்னறையில் அண்ணன் விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடிப்பான். பின்னறையில் பாப்பா, தாளில் பிரெய்ல் எழுத்து குத்தும் புள்ளி மிஷினை வைத்துக்கொண்டு கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் போடுவாள். மிஷின் ஓடினால் தகரக் கூரையில் கல்மழைச் சத்தம். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அதனோடு பேசத் தெரிந்தது பழைய சிஸ்டம் ஒன்றுதான். அண்ணனின் டிசைன் வேலைக்கு புது சிஸ்டம் இல்லாமல் ஆகாது. பாப்பா எழுதவும் பிழை திருத்தவும் வாய்விட்டுப் படிக்கும் மூன்றாவது ஒன்று. இருந்தது ஒரே கம்ப்யூட்டர்.

"ஒரே வீட்டுல மூணு அடுப்பு" என்பாள் அண்ணி. "ஆனா யாரும் யார் சட்டியையும் தொடறதில்ல. நம்ம வீட்டுக்கு அது எவ்வளவோ மேல்."

காலை பாப்பாவுக்கு, மதியம் அண்ணனுக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள்.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். மையும் சவரசோப்பும் கலந்த வாசனை அவனுக்கு முன்னால் வந்தது.

"என்ன பாப்பா, காலங்காத்தால இது இப்படிக் கத்துது?"

"பழசு திறக்க மாட்டேங்குது."

"தள்ளு."

மேஜைக்கு அடியிலிருந்து பெட்டியைத் தரதரவென்று இழுத்தான். இரண்டு பக்கமும் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். அவன் கற்ற எலெக்ட்ரானிக்ஸ் அவ்வளவுதான். பிறகு அணைத்து, மறுபடி சுவிட்சைப் போட்டான். சுரம் வந்தது. அண்ணனின் மூச்சு மாறியது.

"பாப்பா."

"சொல்லு."

"என்னோடதக் காணோம்."

"காணோம்னா?"

"மெனுவுல இல்ல. பழசும் இல்ல. உன்னோடது மட்டும் முதல் வரியில கல்லு மாதிரி உக்காந்திருக்கு. கீழ என்னென்னமோ இருக்கு."

"என்னென்னமோன்னா என்ன? படி."

"படிச்சா வந்துடுமா?" அதற்குள் அவன் போனை எடுத்திருந்தான்.

அவன் கூப்பிட்டது கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஃபார்மேட்டை. அவருக்கு வேறு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்த நோய் என்று போனாலும் அவரிடம் ஒரே மருந்து, டிஸ்க்கை மொத்தமாகத் துடைப்பது. தலைவலி என்றால் தலையை எடுத்துவிடுவார். ஊருக்குள் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மூணு சிஸ்டமா?" என்றது ஃபார்மேட்டின் குரல். "ஒரு உறையில ரெண்டு கத்தியே ஆகாதுன்னு சொல்லுவாங்க. நீங்க மூணு சொருகி வெச்சிருக்கீங்க. ஒண்ணு மத்ததத் தின்னுடுச்சு அண்ணே. உங்க டிசைனுக்கு நகல் இருக்கா?"

"வெளி டிஸ்க்குல இருக்கு."

"அப்புறம் என்ன? எல்லாத்தையும் தொடச்சுட்டு ஒண்ணே ஒண்ணு போட்டுத் தரேன். கைவேலை ஒண்ணு இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்."

போன் அணைந்தது. பாப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பழசு போனா புள்ளி மிஷின் இரும்புக் கடைக்குத்தான் போகும்" என்றாள்.

"தெரியும்."

"கணக்குப் புத்தகம் பாதியில நிக்குது. முக்கோணம் வரைக்கும் அடிச்சிருக்கேன். வட்டம் பாக்கி. பள்ளிக்கூடத்துல பசங்க விரல நீட்டிட்டு உக்காந்திருக்காங்க."

"வேற யாராவது அடிப்பாங்க."

"யாரு?"

அண்ணன் குரலை இறக்கினான். "இது ஒரு வகையில நல்லதுன்னு வெச்சுக்கயேன். முன்னாடி வந்து உக்காரு. போன் வந்தா எடு, ஆர்டர் கேளு. உன் குரலுக்கு என்ன குறை? எதுக்கு இந்த இருட்டு ரூம்ல கெடந்து கஷ்டப்படணும்?"

"இருட்டா இருக்கா?"

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அதச் சொல்லல."

"கஷ்டப்படறேன்னு யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? நான் பார்க்கறேன்ல."

"பார்த்தது போதும். போய்க் கடையப் பாரு."

அவன் கெட்டவன் இல்லை. சிறு வயதில் அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவன். பிடித்த கையை இன்னும் விடவில்லை. அதுதான் தொல்லை.

அவன் போனதும் பாப்பா அண்ணியைக் கூப்பிட்டாள். பக்கத்து மேஜையில்தான் அண்ணிக்கு வேலை. அச்சான தாளை மடிப்பது, அடுக்குவது, தைப்பது.

"அண்ணி, இங்க வாங்க. உங்க கண்ணு ரெண்டும் கொஞ்ச நேரம் வேணும்."

"எடுத்துக்க. எனக்கு இப்ப வேலை இல்ல."

சுவிட்ச். சுரம்.

"மெனுவுல என்ன இருக்கு?"

"கறுப்பா இருக்கு. வெள்ளையில எழுத்து. எல்லாம் இங்கிலீஷ்."

"என்ன எழுத்து?"

"ஏதோ சிஸ்டம் சமாச்சாரம்தான்."

கண் உள்ளவர்கள் எல்லோரும் இப்படித்தான். படி என்றால் விளக்குவார்கள். கடைப் பலகையைப் படிக்கச் சொன்னால் 'ஏதோ துணிக்கடை' என்பார்கள். மருந்துச் சீட்டைக் கேட்டால் 'வயித்துக்குத்தான் போல' என்பார்கள். பார்த்ததைச் சொல்லவே அவர்களுக்குச் சோம்பல்.

"அண்ணி, எனக்கு அர்த்தம் வேண்டாம். எழுத்துதான் வேணும். மேல இருந்து ஒவ்வொரு வரியா, இருக்கறது இருக்கற மாதிரி."

"அதிகாரத்தப் பாரு. மாமியார் இல்லாத குறைய நீ தீர்த்துட்ட." ஆனால் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வரி பாப்பாவின் சிஸ்டம். இரண்டாவது வரி, அதே சிஸ்டத்தின் கூடுதல் வழிகள். மூன்றாவது வரியை அண்ணி எழுத்துக் கூட்டினாள். "மெ... மரி... டெஸ்ட்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கீழ வெறும் கறுப்பு."

பாப்பா சிரித்தே விட்டாள். "அப்ப காலையில இருந்து நான் மெஷினுக்கு ஞாபக சக்திப் பரீட்சை வெச்சிட்டு இருந்திருக்கேன். அதான் அந்த மூச்சு வாங்கல்."

இரண்டு தட்டு தட்டினால் மூன்றாவது வரி. விரல் சரியாகத்தான் எண்ணியது. வரிகள்தான் மாறிவிட்டன. யார் மாற்றியது?

அவளேதான். முந்தின நாள் கடை மூடும் முன் அவளுடைய சிஸ்டம் ஒரு அப்டேட் இருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. போடு என்றாள். போடும்போது அது பேசிக்கொண்டே போகும், இதைச் செய்கிறேன் அதைச் செய்கிறேன் என்று, சம்பந்தி வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி. காது வலிக்கிறது என்று குரலை அணைத்துவிட்டுக் கைப்பையைத் தேடப் போனாள். அது சொன்ன ஒரு முக்கியமான விஷயமும் அந்த மௌனத்தோடு போய்விட்டது.

அண்ணியிடம் சொன்னாள்.

"அப்ப உன் மூணாவது சிஸ்டத்தாலதான் வந்துது?" என்றாள் அண்ணி.

"ஆமா."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லாத."

"சொல்லத்தான் போறேன். முதல்ல சரி பண்ணிக்கறேன்."

தட்டாமல் விட்டாள். அவளுடைய சிஸ்டம் திறந்து, அவசரக் குரலில் வணக்கம் சொன்னது. மற்றவர்களுக்கு அந்த வேகத்தில் எதுவும் புரியாது. "தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அண்ணனுடையது உண்மையிலேயே அழிந்ததா? டிஸ்க்கின் அந்தப் பகுதியை உள்ளேயிருந்து திறந்தாள். குரல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. விசிட்டிங் கார்டுகள். பில் புத்தகங்கள். ஒரு பல் டாக்டரின் பலகை, அதற்கு ஒன்பது திருத்தம். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன.

"அழியல" என்றாள். "மெனுவுல பேர் இல்ல, அவ்வளவுதான். பேர் இல்லாதவனச் செத்தவன்னு சொல்லி உங்க வீட்டுக்காரர் எரிக்கக் கிளம்பிட்டார்."

"அவருக்கு எல்லாத்துலயும் அவசரம்."

பாப்பா மெனுவின் விதிகள் எழுதியிருக்கும் இடத்துக்குப் போனாள். வரி வரியாகக் கேட்டாள். அங்கே இருந்தது. மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலையைப் புதிய அப்டேட் பாதுகாப்புக்காக நிறுத்தி வைத்திருந்தது. கூட இருப்பவர்களை இனி எண்ண மாட்டேன் என்று அது முடிவு எடுத்துவிட்டது. அவளைத்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்டும் இருந்தது. அவள்தான் அதன் வாயைப் பொத்தியிருந்தாள்.

அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, மெனுவைத் திரும்ப எழுதச் சொன்னாள். தேடியது. அண்ணனுடையதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றது. அடுத்து பழையதைச் சொல்லும் என்று காத்திருந்தாள்.

முடிந்தது என்றது.

மறுபடி தேடச் சொன்னாள். மறுபடியும் அண்ணனுடையது மட்டும்.

அப்போதுதான் முன்னறையில் ஃபார்மேட்டின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே அண்ணனின் செருப்பும்.

"அக்கா, வணக்கம்" என்றார் ஃபார்மேட். மேஜைமேல் ஒரு பை இறங்கியது.

"என்னோடது வந்துடுச்சா?" அண்ணன் திரையைப் பார்த்திருக்க வேண்டும். "ஏய், வந்துடுச்சே! நீயா பண்ண?"

"நான்தான் கெடுத்தேன், நான்தான் சரி பண்ணேன். நேத்து போட்ட அப்டேட் மெனுவ மாத்திடுச்சு."

"பார்த்தியா? உன் மூணாவதுதான். நான் நினைச்சேன்." ஆனால் அவன் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். "சரி, போகட்டும். பழசு?"

"இன்னும் கிடைக்கல."

"அது தனி டிஸ்க்குதானே?" என்றார் ஃபார்மேட். "செத்திருக்கும் அக்கா. அதுக்கு வயசாச்சு."

"வயசானா செத்துடணுமா?"

"நான் டிஸ்க்கச் சொன்னேன்."

"நானும் டிஸ்க்கத்தான் சொன்னேன்."

அண்ணன் அவள் தோளில் கை வைத்தான். "பாப்பா, எழுந்திரு. அவர் உக்காரட்டும். என்னோடத மட்டும் வெச்சுக்கிட்டு மத்தத எடுத்துடுவார். இனிமே யாருக்கும் தலைவலி இல்ல."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"எழுந்திரிக்க மாட்டேன்."

"சின்னப் பிள்ள மாதிரி அடம் பிடிக்காத."

"பாப்பான்னுதானே கூப்பிடற? அப்ப பிடிப்பேன்."

அண்ணி வேறு பக்கம் திரும்பி இருமினாள். அது இருமல் இல்லை.

"இது அப்பா வெச்ச அச்சகம்" என்றான் அண்ணன். "கம்ப்யூட்டர் கடையோடது."

"அப்பா எனக்கும் சேர்த்துத்தான் வெச்சார். உன்னோடத காணோம்னதும் நீ ஒரு நிமிஷம் தேடல. செத்துச்சுன்னு ஆளக் கூப்பிட்டுட்ட. நான் தேடி எடுத்துக் குடுத்தேன். இப்ப என்னோடத நான் தேடறேன். நடுவுல நிக்காத."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. தேடி முடிக்கற வரைக்கும்."

ஃபார்மேட் பையை மேஜையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "அக்கா தேடட்டும் அண்ணே. எனக்கு ஒரு டீ சொல்லுங்க."

பாப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். யோசித்தாள். காலையில் முதல் தடவை சுவிட்ச் போட்டபோது இரண்டு டிஸ்க்கும் செருமின. புது டிஸ்க் மெதுவாக. பழையது கரகரவென்று, புகையிலைத் தொண்டை. இரண்டாவது தடவையும் கேட்டது. கடைசியாகக் கேட்டது எப்போது? அண்ணன் பெட்டியை இழுத்தான். அறைந்தான். அதற்குப் பிறகு அந்தக் கரகரப்பு இல்லை. மெனுவைப் பற்றிய கவலையில் காது அதை விட்டுவிட்டது.

அணைத்தாள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அண்ணி கையில் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினாள்.

"உள்ள கைய விடாத!" என்றான் அண்ணன்.

"பிளக் அண்ணி கையில இருக்கு. அவங்க மேல நம்பிக்கை இல்லன்னா அவங்ககிட்ட சொல்லு."

தூசி விரலில் பஞ்சாக ஒட்டியது. ஃபேனின் விளிம்பு. வெதுவெதுப்பான தகடு. கீழே பழைய டிஸ்க், மற்றதைவிடக் கனமாக, ஓரம் கூர்மையாக. அதன் பின்னால் இரண்டு வயர். அகலமானது மின்சாரத்துக்கு, மெல்லியது பேச்சுக்கு. மெல்லியது உறுதியாக இருந்தது. அகலமானதைத் தொட்டாள். ஆடியது. கடைவாயில் பிடிப்பு விட்ட பல் மாதிரி.

அழுத்தினாள். உள்ளே போய் உட்கார்ந்தது.

"எவன் இத அறைஞ்சானோ, அவன் கைய அறையணும்" என்றாள்.

அண்ணியிடமிருந்து பிளக்கை வாங்கிச் சொருகினாள். ஃபேன். மெல்லிய செருமல். பிறகு கரகரவென்று பழையது.

தன் சிஸ்டத்துக்குள் போய் மறுபடி தேடச் சொன்னாள். அண்ணனுடையதைச் சொன்னது. பழையதையும் சொன்னது. அண்ணிக்குக்கூடப் புரியும்படி அந்த ஒரு வரியை மட்டும் மெதுவாக இன்னொரு தடவை சொல்லவைத்தாள்.

"இன்னைக்கு வந்துடுச்சு அக்கா" என்றார் ஃபார்மேட். டீயை உறிஞ்சினார். "நான் சொன்னது சொன்னதுதான். அந்த டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது."

"அது எனக்கும் தெரியும். அப்படியே வேற டிஸ்க்குல அச்சு அசலா நகல் எடுக்கணும். உங்களுக்கு முடியுமா? இல்ல, அழிக்கறது தவிர எதுவும் வராதா?"

"நல்லா வரும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேட்கறேன்."

"எடுத்துட்டா மூணும் இப்படியேதான் இருக்குமா?" என்றான் அண்ணன்.

"இப்படியேதான்."

"இதோ பாரு பாப்பா. இன்னைக்கு விடறேன். அடுத்த தடவை மக்கர் பண்ணுச்சுன்னா, நீ குளிக்கப் போற நேரமாப் பார்த்து இவரக் கூப்பிட்டு முடிச்சுடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் எதையும் சிரித்துக்கொண்டுதான் செய்வான்.

அவர்கள் நகல் எடுக்க டிஸ்க் வாங்கக் கிளம்பினார்கள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை பாப்பா அசையவில்லை.

"அண்ணி, இன்னொரு தடவை கண்ணு வேணும்."

"இப்ப என்ன?"

"மெனுவுக்கும் முன்னாடி ஒரு இடம் இருக்கு. மெஷின் கண்ண முழிக்கிற இடம். அதுக்கும் வாய் கிடையாது. அங்க ஒரு பூட்டு போடணும். வெளியில இருந்து எதையும் சொருகித் திறக்க முடியாதபடி."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை விளக்கவில்லை. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், கட்டத்துக்குள் இருந்ததும் ஓரத்தில் சின்னதாக இருந்ததும், புள்ளி கமா உட்பட. ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"பாஸ்வேர்டு கேட்குது. நான் திரும்பிக்கட்டா?"

பாப்பா யோசிக்கவில்லை. "வேண்டாம். நீங்களே அடிங்க. என்ன வார்த்தைன்னு சொல்றேன்." அண்ணியின் காதில் சொன்னாள். அண்ணி குலுங்கிச் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

அதன்பின் பாப்பா மெனுவைத் திரும்ப எழுதினாள். எண்ணித் தட்டும் பழக்கத்துக்கு முடிவு கட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. அந்த விசையைத் தட்டினால் அது திறக்கும், வரி எங்கே போனாலும். மெனுவை மாற்றவும் அதே பாஸ்வேர்டு.

மதியம் அண்ணன் டிஸ்க்கோடு தனியாகத் திரும்பினான். இனி அவன் நேரம். ஆனால் புள்ளி மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் கல்மழை. அறை வாசலில் நின்று அவன் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"என் நேரம் ஆரம்பிச்சாச்சு!"

"வட்டம் முடியட்டும்! காலையில பாதி நீ பெட்டிய அறைஞ்ச அறையில போச்சு!"

அவன் காத்திருந்தான். காத்திருந்து அவனுக்குப் பழக்கமில்லை. கடைசித் தாள் விழுந்ததும் பாப்பா விரலால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். வட்டம் வட்டமாகவே இருந்தது. எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

"உனக்கு டி எழுத்து. ஒரு தட்டு போதும்."

தட்டினான். அவனுடையது திறந்தது. பிறகு, எதற்கோ திரும்ப அணைத்துப் போட்டான். இங்கேயும் அங்கேயும் தட்டினான். நாற்காலி கிரீச்சிட்டது.

"பாஸ்வேர்டு கேட்குதே?"

"வேலை பார்க்கறவனக் கேட்காது. நோண்டறவனத்தான் கேட்கும்."

"என்ன பாஸ்வேர்டு?"

"சொல்ல மாட்டேன்."

"இது என் கடை!"

"உன் கடைதான். உன்னோடது ஒரே தட்டுல திறக்குது. வேற என்ன வேணும்?"

"நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அண்ணியக் கேளு."

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பியது நாற்காலியின் சத்தத்தில் தெரிந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

பக்கத்து மேஜையில் அண்ணியின் நகம் தாளின் மடிப்பில் ஓடியது. அடுத்த தாள். அடுத்த மடிப்பு.

"தெரியுமான்னு கேட்டேன்."

"கேட்டுது" என்றாள் அண்ணி.